சான்றிதழில் ஒரு மதம், ஜெபத்தில் ஒரு மதம்: உங்கள் அனுபவம் என்ன?

திருநெல்வேலிக்காரி:

மதம் மாறியவர்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். மாறியதை வெளியே சொல்ல முடியாமல் இருப்பவர்களைப் பற்றிப் பேச ஆளில்லை. நான் அந்தக் கூட்டத்துக்காரி. அதனால்தான் பெயர் போடவில்லை.

என் தாத்தாவின் அப்பா காலத்திலேயே வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்கு, வந்த குடும்பம் எங்களுடையது. சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டில் எனக்கு ஒரு பெயர். பள்ளிச் சான்றிதழில் வேறு பெயர், அதன் பக்கத்தில் 'இந்து', அடுத்து எங்கள் சாதி. அம்மா ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுவாள், ஆபீசில் இன்னொன்றைச் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி. 1956-ல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990-ல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்றுவரை வெளியேதான். வேதத்துக்கு வந்த ஆதிதிராவிடர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார். நேற்றுவரை நம்மைத் தெருவுக்குள் விடாதவர்களின் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நின்று இடம் பிடிக்க வேண்டும். யாராவது சாதிப் பெயரைச் சொல்லி அடித்தால்கூட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட முடியாது. அடிக்கிறவன் நம் ஞானஸ்நானச் சீட்டைப் பார்த்துவிட்டா அடிக்கிறான்?

நான் பத்தாவது முடித்த நேரம். சாதிச் சான்றிதழ் விசாரணைக்கு வீட்டுக்கே வருகிறார்கள் என்று தகவல் வந்தது. அம்மா வீட்டை மாற்ற ஆரம்பித்தாள். வசனக் காலண்டரைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். புத்தாண்டு இரவு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையை பீரோ கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தோம். அதை உரித்தபோது பசை மட்டும் நாலு மூலையிலும் நின்றுவிட்டது. நகத்தால் சுரண்டிப் பார்த்தாள், தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்துப் பார்த்தாள். பக்கத்து வீட்டிலிருந்து நகைக்கடை முருகன் காலண்டர் வந்தது. வேதப்புத்தகத்தைப் பழைய சேலையில் சுற்றி டிரங்குப் பெட்டிக்குள் வைத்தாள். அப்பா சந்தனம் வைத்துக்கொண்டார். பொட்டு மட்டும் வைக்க மாட்டேன் என்று அம்மா நின்றுவிட்டாள். அதற்கு மேல் அப்பாவும் வற்புறுத்தவில்லை.

வந்தவர் காப்பி குடித்தார், சுவரைப் பார்த்தார், பீரோவைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் எழுதிக்கொண்டு போனார். அவர் தெருமுனை திரும்பியதும் அம்மா டிரங்குப் பெட்டிக்கு முன்னாலேயே முழங்கால் போட்டாள். "ஆண்டவரே, பேதுரு உம்மைத் தெரியாதுன்னு மூணு தரம் மறுதலிச்சான். நான் ஒரு தரந்தான். பிள்ளை படிக்கணும்" என்று அழுதாள்.

என் மனதில் ஐயம் புகுந்தது அன்றைக்குத்தான். கடவுள் உண்டா இல்லையா என்று புத்தகம் படித்து வந்த ஐயம் இல்லை இது. படிப்புக்காக ஒளித்துவைக்க வேண்டிய கடவுள், அந்த டிரங்குப் பெட்டியிலிருந்து எங்களுக்கு என்ன செய்துகொண்டிருந்தார் என்ற கேள்வி. அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. வேதத்துக்குள் சாதி இல்லை என்று சட்டம் சொல்கிறது. எங்கள் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் எங்களுக்கென்று ஒரு மூலை தனியாக இருக்கிறது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தைப் பிரித்து நின்ற சுவரைப் பற்றிப் பத்திரிகைகளில் நீங்களும் படித்திருப்பீர்கள். செத்த பிறகும் சாதி விடவில்லை, ஆனால் சான்றிதழில் மட்டும் விட்டுவிட்டதாம்.

கல்லூரியில் சூசை வழக்கைப் படித்தேன். சென்னையில் நடைபாதையில் செருப்புத் தைத்தவர் அவர். தெருவோரம் தொழில் செய்யும் பட்டியல் சாதியினருக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. இவர் ஆதிதிராவிடர், ஆனால் கிறிஸ்தவர், ஆகவே இவருக்குக் கிடையாது. 1985-ல் உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. மதம் மாறிய பிறகும் அதே கடுமையோடு கொடுமை தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் போதவில்லை என்றது. அதே நடைபாதை, அதே ஊசி, அதே தோல். கடவுளின் பெயர் மட்டும் வேறு. இந்த வழக்கை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கும்.

பிறகு 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் தீர்ப்பு வந்தது. ஞானஸ்நானம் பெற்று, ஆலயத்துக்கும் போய்க்கொண்டு, வேலைக்காக இந்து என்று சொல்வது அரசமைப்புச் சட்டத்தின் மீதான மோசடி என்று நீதிமன்றம் சொன்னது. வேலைக்குப் போகும் பஸ்ஸில் படித்தேன். மோசடி என்றது என் அம்மாவைச் சொன்ன மாதிரியே இருந்தது. என் அம்மா மோசடிக்காரி இல்லை. இரண்டில் ஒன்றை விடு என்று அவளிடம் கேட்டவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

சென்னையில் வேலை பார்த்த காலத்தில் பெரம்பூர் புத்த விகாரைக்குப் போக ஆரம்பித்தேன். அயோத்திதாசப் பண்டிதர் 1898-ல் கர்னல் ஆல்காட்டோடு இலங்கைக்குப் போய் பௌத்தம் தழுவி வந்து, ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் வைத்தார். அந்த வழியில் வந்த குடும்பங்கள் இன்றும் சென்னையில் இருக்கின்றன. அங்கே பழக்கமான பெரியவர் ஒருவர் கோலார் தங்கவயல்காரர். பாட்டன் காலத்திலிருந்தே பௌத்தர்கள். என் கதையைக் கேட்டுவிட்டு, "இங்கே வந்துடும்மா. 1990-க்கு அப்புறம் நமக்கு இந்தத் தொல்லையே இல்லை. கும்பிடறதும் சான்றிதழும் ஒண்ணாயிடும்" என்றார். வற்புறுத்தியெல்லாம் சொல்லவில்லை. நல்ல மனுஷர், நியாயமான பேச்சு. புத்தர் சொன்னதில் பெரும்பகுதி என் அறிவுக்கு ஒத்துவருகிறது. பைபிளில் பல இடம் இன்றைக்கும் ஒத்துவரவில்லை.

ஆனால் என்னால் போக முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் பெண்கள் பக்கத்திலிருந்து கீர்த்தனை கிளம்பும்போது என் தொண்டை தானாகச் சேர்ந்துகொள்கிறது. கடவுள் கேட்கிறாரா என்று எனக்கு நிச்சயமில்லை. அந்தப் பாட்டில் நான் இருக்கிறேன் என்பது நிச்சயம். சபை விருந்தான அசன நாளில் பந்தியில் உட்கார்ந்து சோறு தின்ன இதுவரை யாரும் என் விசுவாசத்தை அளந்து பார்த்ததில்லை. ஐயத்தோடு ஒரு சபையில் இருக்கலாம். அரசாங்கக் கோப்பில்தான் இருக்க முடியவில்லை.

உங்கள் வீட்டில் எப்படி? உங்களைக் கேட்டது யார், நீங்கள் என்ன சொன்னீர்கள்?


நாஞ்சில் பக்கத்துக்காரன்:

அக்கா, நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பேதுரு வந்த இடத்தில் அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

நாங்கள் அய்யாவழி, அய்யா வைகுண்டரைப் பின்பற்றுகிறவர்கள். சாமிதோப்புக்குப் போகாதவர்களுக்குச் சொல்கிறேன், எங்கள் வழிபாட்டிடமான பதியில் சிலை கிடையாது. பள்ளியறையில் கண்ணாடி இருக்கும், முன்னால் விளக்கு. ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத் தலைப்பாகை கட்டித்தான் உள்ளே போக வேண்டும். நெற்றியில் வெள்ளைத் திருநாமம். தலையில் துணி கட்டக் கூடாது, பெண்கள் மேலே துணி போடக் கூடாது என்று திருவிதாங்கூரில் எங்கள் முன்னோரை வைத்திருந்த காலத்தில், சாமி முன்னால் தலைப்பாகையோடு வா என்றவர் அய்யா வைகுண்டர். மன்னர் சுவாதித் திருநாள் அவரைத் திருவனந்தபுரத்தில் சிறையில் போட்டார். மேலாடை போடலாம் என்று அரசு அறிவித்தது 1859-ல், அய்யா மறைந்து எட்டு வருஷம் கழித்து.

அதே அடி உதை தாங்காமல் இன்னொரு பக்கம் போனவர்களும் உண்டு. லண்டன் மிஷன் அனுப்பிய பாதிரியார் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தது 1806-ல். எங்கள் சொந்தத்தில் பாதி அந்த லண்டன் மிஷன் சபையில், பாதி பதியில். கொள்ளுப்பாட்டி ஒருத்திதான்.

சபைப் பக்கத்து அத்தை இறந்தபோது அடக்க ஆராதனைக்குப் போனோம். ஆலயத்துக்குள் ஆண்கள் தலையில் துணி வைத்துக்கொண்டு போவதில்லை, உங்களுக்கே தெரியும். அப்பாவுக்கு நல்ல காரியம், கெட்ட காரியம் எதற்கும் தலைப்பாகை இல்லாமல் நிற்க வராது. கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு படிக்கட்டிலேயே நின்றார். ஏறவும் இல்லை, போகவும் இல்லை. கூடப் பிறந்தவள் உள்ளே பெட்டியில் கிடக்கிறாள். சபை கமிட்டிக்காரர் ஒருவர் இறங்கி வந்தார். "அண்ணே, கெட்டிக்கிட்டே வாங்க" என்றார். அவ்வளவுதான். அப்பா அந்தப் படிக்கட்டிலேயே உதறிக் கட்டிக்கொண்டு உள்ளே போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். ஜெபம் முடிந்ததும் எல்லோரும் ஆமென் என்றபோது இவர் "அய்யா உண்டு" என்றார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

என் கதைக்கு வருகிறேன். நாராயணரே திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராக எழுந்து வந்தார் என்பதை நான் நம்பவில்லை. அப்பாவிடம் நேராகவே சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "நம்பாண்டாம். மாசி இருவதுக்கு வந்து ஊர்வலத்துல நட" என்றார். நாகர்கோவிலிலிருந்து சாமிதோப்பு வரை நடக்கிறேன், வருஷம் தவறாமல். நாராயணருக்காக இல்லை, அந்தத் தலைப்பாகைக்காக. பக்தர்கள் சிலருக்கு இது பிடிக்காது, எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் துணியைத் தலையில் கட்ட என் முன்னோர் பட்டது எனக்கு எந்த அவதாரக் கதையையும் விடப் பெரிது.

2011 கணக்கெடுப்பில் மதம் கேட்டபோது அப்பா அய்யாவழி என்றார். அதற்கு நம்பர் இல்லை என்று சொல்லி இந்து என்றே குறித்துக்கொண்டு போய்விட்டார்கள். படிவத்தில் ஆறு மதத்துக்குத்தான் எண் உண்டு, மற்றவர்கள் சொல்லும் பெயரை அப்படியே எழுத வேண்டும் என்பதுதான் விதி. அது அப்பாவுக்கும் தெரியவில்லை, வந்தவருக்கும் தெரியவில்லை.


நாகூர்ப் பெண்:

எங்கள் வீட்டில் சண்டை வேறு மதத்தோடு இல்லை. மார்க்கத்துக்குள்ளேயே.

உம்மா ஒவ்வொரு வியாழன் மாலையும் தர்காவுக்குப் போவார்கள். அங்கே அடங்கியிருக்கும் மகானை எஜமான் என்றுதான் சொல்வார்கள், சாகுல் ஹமீது என்று பெயர் சொல்ல மாட்டார்கள். நானா, என் அண்ணன், சவூதியில் வேலை பார்த்துவிட்டு வந்தபின் இறைவன் ஒருவனையே வணங்க வேண்டும் என்கிற தவ்ஹீது பக்கம் போய்விட்டார். கபரில், அடக்கத்தலத்தில், போய்க் கேட்பது ஷிர்க், அதாவது இறைவனுக்கு இணை வைப்பது, அல்லாஹ் மன்னிக்காத பாவம் என்று உம்மாவிடமே சொன்னார். "அப்ப எங்க உம்மாவும், அவங்க உம்மாவும் நரகத்துலயா இருக்காங்க?" என்று உம்மா கேட்டார்கள். அன்றிரவு யாரும் சாப்பிடவில்லை.

நானாவை வில்லனாக்க மாட்டேன். எங்கள் வீட்டில் குர்ஆனை முதன்முதலில் தமிழில் உட்கார்ந்து படித்தவர் அவர்தான். அதுவரை பொருள் தெரியாமல் ஓதிக்கொண்டிருந்தோம். வரதட்சணை ஒரு பைசா வாங்காமல் பெண்ணுக்கு மஹர் கொடுத்து நிக்காஹ் செய்தார், சொந்தத்தில் பெரியவர்கள் முணுமுணுத்தும் கேட்கவில்லை. அந்தத் துணிச்சலைக் கொடுத்ததும் அதே தவ்ஹீதுதான். எனக்கு அவர் வாதம் புரிகிறது. இறைவனுக்கும் எனக்கும் நடுவில் யாரும் எதற்கு? ஆனால் அந்த வாதம் முடியும் இடத்தில் உம்மா முஸ்லிம் இல்லை என்றாகிவிடுகிறது. அங்கே என் புத்தி நின்றுவிடுகிறது.

அப்படி ஒரு குழப்பத்தில்தான் ஒருநாள் தர்காவுக்கு நான் மட்டும் போனேன். குளத்துப் பக்கம் மொட்டை போடுகிற இடத்தில் அக்கரைப்பேட்டையிலிருந்து வந்த மீனவக் குடும்பம். கைக்குழந்தை கத்துகிறது. அந்தப் பெண் என்னைப் பார்த்து, "யக்கா, தலையைக் கொஞ்சம் அசையாம புடிங்களேன்" என்றாள். பிடித்துக்கொண்டேன். பிஞ்சு மண்டை, வியர்வை, ஈர முடி என் புர்கா முழுக்க ஒட்டிக்கொண்டது. மொட்டை போட்டதும் தலையில் சந்தனம் தடவினார்கள். அவள் கையில் வெள்ளித் தகட்டில் ஒரு சின்ன படகு. "அவுங்க கடல்ல எஜமான் பேரச் சொல்லித்தான் வலையை எடுப்பாங்க. நீங்க என்ன வேண்டுதலுக்கு வந்தீங்க?" என்று கேட்டாள். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அவள் கழுத்தில் மாரியம்மன் டாலர் தொங்கியது. இந்த இடம் யாருடையது என்று அவளுக்கு ஐயமே இல்லை, ஊர்க்காரி எனக்குத்தான் ஐயம்.

அங்கே நிற்கும் மனோராக்களில், கோபுரங்களில், பெரியதைக் கட்டித் தந்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். 131 அடி. இதை நானாவிடம் சொன்னால், "ராஜா கட்டினா ஷிர்க் இல்லன்னு ஆயிடுமா?" என்பார். ஆகாதுதான். மத நல்லிணக்கம் என்று மேடையில் பேசுபவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரிவதில்லை. நம்புகிறவனுக்கு ஷிர்க் என்பது உயிர் போகிற விஷயம், அதை மூடத்தனம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை.

போன கந்தூரி விழாவின்போது உம்மாவால் நடக்க முடியவில்லை. சந்தனக்கூடு பார்க்காமல் இருக்கவும் முடியாது. நானா தன் வண்டியில் உட்காரவைத்து அலங்கார வாசல் வரை கொண்டுவந்து விட்டார். உள்ளே வரவில்லை. விடியற்காலை வரை வெளியே நின்று திரும்பக் கூட்டிப்போனார். மறுநாள் காலை வழக்கம்போல ஷிர்க் பற்றி மறுபடி வாக்குவாதம். இன்னும் தீரவில்லை, தீரும் என்றும் தோன்றவில்லை. இருவரும் ஒருவர் வீட்டை விட்டு ஒருவர் போகவில்லை, அது எனக்குப் போதும்.

திருநெல்வேலி அக்கா, அந்த 1950 ஆணை எங்கள் பக்கமும் இருக்கிறது. மீனாட்சிபுரத்தில் 1981-ல் இஸ்லாத்துக்கு வந்த குடும்பங்களைப் பற்றி நாடே பேசியது. வந்ததால் அவர்கள் பட்டியல் சாதி உரிமையை இழந்ததைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.


திண்டிவனம் நயினார்:

எனக்கு நடப்பது சிறியது, ஆனால் ஆயுள் முழுக்க நடப்பது. சமணன் என்றால் "மார்வாடியா?" என்பார்கள். தமிழ்தான் தாய்மொழி, மேல்சித்தாமூர் மடம்தான் எங்களுக்கு மடம், நெல் விளைவிக்கிற குடும்பம் என்று சொன்னாலும் நம்ப மாட்டார்கள். வந்தவாசிப் பக்கம் பொன்னூர் மலைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். விடுதியில் பொழுது சாய்வதற்குள் சாப்பிடக் கேட்டதற்கு, தமிழனுக்கு எதற்கு இந்தப் பழக்கம் என்றார்கள். சிலப்பதிகாரத்தில் சமணத் துறவி கவுந்தியடிகள் வருகிறாரே, அவரைக் கேட்க வேண்டியதுதான். நம்பிக்கை எனக்கு எப்போதோ தளர்ந்துவிட்டது. இருட்டிய பின் சாப்பிடுவது மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை.


திருநெல்வேலிக்காரி:

எல்லோருக்கும் நன்றி. நாகூர்த் தங்கச்சி, மீனாட்சிபுரத்தை நினைவுபடுத்தியது சரியானது. இந்தப் பட்டியல் விஷயத்தில் நீங்களும் நாங்களும் ஒரே படகு. 2007-லேயே ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தைப் பார்க்காமல் உரிமை கொடுக்கலாம் என்றது. 2022-ல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மறுபடி ஒரு ஆணையம் போட்டார்கள். ஆணையங்களுக்குக் குறைவில்லை.

நாஞ்சில் தம்பி, கணக்கெடுப்பைப் பற்றி நீங்கள் சொன்னது மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. 2027 கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்போகிறார்கள். 1948 கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ம் பிரிவுப்படி நாம் சொல்வதை வேறு யாரும் பார்க்க முடியாது, நீதிமன்றத்தில் சாட்சியமாகவும் எடுக்க முடியாது. வருகிறவரிடம் கிறிஸ்தவம் என்றே சொல்லப்போகிறேன், சாதியையும் சேர்த்தே சொல்லப்போகிறேன். இரண்டும் ஒரே ஆளின் பெயருக்கு நேரே ஒரு கோப்பில் முதன்முறையாக வரட்டும். அப்பாவைப் பதிவு செய்யச் சொல்லும் போது நீங்களும் அந்த விதியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவிடம் நேற்று இதைச் சொன்னேன். "சட்டம்லாம் சரிதான் ஏட்டி, உன் தம்பி பிள்ளைக்கு இன்னும் சான்றிதழ் வாங்கல, அதுவரைக்கும் வாயை மூடிக்கிட்டு இரி" என்கிறாள். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.